ஆறுக்கு ரெண்டு: ரோட்டா சொட்டு மருந்து ஆய்வும் நம்ம பிள்ளைங்களும்

வார்டு அக்கா:
இங்கே வெண்ணாறுங்கற பேர்ல எழுதறவர் ஒரு வாட்ஸ்அப் குழுவுல போட்டதை எனக்கு அனுப்பியிருந்தாங்க. அப்படியே போடறேன்: "ரோட்டா சொட்டு மருந்து ஆய்வில் மருந்து கொடுத்த பக்கம் 6 பிள்ளைகளுக்குக் குடல் சொருகியது, கொடுக்காத பக்கம் 2 பேருக்குத்தான். மூன்று மடங்கு. நம் பிள்ளைகளை எலியாக்கிய ஆராய்ச்சி இது. ஆறாவது வாரம் போகும்போது சொட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்." ரோட்டாங்கறது கைக்குழந்தைங்களுக்குக் கடும் வயித்துப்போக்கு தர்ற கிருமி. குடல் சொருகறதுன்னா குடலோட ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள்ள நுழைஞ்சு அடைச்சுக்கறது. படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. குழந்தைங்க வார்டுலயே வேலை பார்த்து ஓய்வு பெத்தவ நான். வயித்துப்போக்குல கண்ணு குழி விழுந்து, கிள்ளினா தோல் அப்படியே நிக்கிற பிள்ளையைத் தூக்கிட்டு ஓடி வர்ற தாயை இவர் பார்த்திருக்காரா?

அந்த ஆய்வு 2011-12ல டெல்லி, புனே, வேலூர் மூணு இடத்துல நடந்தது. 6,799 கைக்குழந்தைங்க. 4,532 பேருக்கு மருந்து, 2,267 பேருக்கு மருந்தில்லாத சொட்டு. மருந்து பக்கம் பிள்ளைங்களே ரெண்டு மடங்கு இருக்கு. அப்புறம் 6ஐயும் 2ஐயும் பக்கத்துல வெச்சு மூணு மடங்குன்னு எழுத எப்படி மனசு வந்துச்சு?

வெண்ணாறு:
நான்தான் எழுதினேன், மறுக்கவில்லை. 6 என்பது ஆறுதான், 2 என்பது இரண்டுதான். 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் அவர்களே அச்சிட்ட எண்கள். குடல் சொருகிய ஆறு பிள்ளைகளின் தாய்களிடம் போய் "உங்கள் பக்கம் கூட்டம் அதிகம் அம்மா" என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

கணக்கு வாத்தியார், மன்னார்குடி:
ஐயா, பங்கைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது தப்பு. 4,532-ல் 6 என்றால் பத்தாயிரத்துக்கு 13. 2,267-ல் 2 என்றால் பத்தாயிரத்துக்கு 9. மருந்தால் ஒரு மாற்றமும் இல்லை என்றே வைத்துக்கொண்டு மொத்தம் 8 பேரை 2:1 ஆகப் பிரித்தாலும் 5.3, 2.7 என்றுதான் வரும். பிள்ளையைத் துண்டாக்க முடியாது. 5-3 அல்லது 6-2.

வெண்ணாறு:
நன்றி ஐயா. 13 பெரிதா, 9 பெரிதா? நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கணக்கு வாத்தியார், மன்னார்குடி:
எட்டே எட்டு பேரை வைத்து அப்படி முடிவு கட்டக் கூடாது என்றுதான் சொல்கிறேன். அதே ஆய்வில் மருந்து பக்கம் இறந்த பிள்ளைகள் 25, மருந்தில்லாத பக்கம் 17. எந்த மரணத்துக்கும் சொட்டு காரணமில்லை என்று முடிவு செய்தார்கள். பங்காகப் பார்த்தால் பத்தாயிரத்துக்கு 55-ம் 75-ம். இதை வைத்து "மருந்து உயிரைக் காத்தது" என்று நான் சொன்னால் அதுவும் தப்பு. உங்கள் 6-க்கு 2-ம் அதே ரகம்.

வெண்ணாறு:
மேட்டூர் திறப்பு இழையில் நீங்கள் போட்ட டி.எம்.சி. கணக்கை நம்பிக் குறுவை நட்டவர்கள் இன்னும் கடன் கட்டுகிறார்கள். இங்கேயும் கணக்கா? 13 பெரிது. அவ்வளவுதான்.

கணக்கு வாத்தியார், மன்னார்குடி:
அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அன்றைக்கு அணையில் இருந்த தண்ணீரைத்தான் சொன்னேன். கடைமடைக்கு வந்து சேரும் என்று நான் எங்கே எழுதினேன்?

பாபநாசம் மெடிக்கல்:
வாத்தியாரே, தண்ணிச் சண்டைக்கு வேற இழை இருக்கு. வெண்ணாறு அண்ணே, நீங்க ஒண்ணைப் பேசவே இல்லை. முதல் வயசுல கடுமையான ரோட்டா வயித்துப்போக்கை அந்தச் சொட்டு 56 சதவீதம் தடுத்திருக்கு. 2017-லேர்ந்து நம்ம மாநிலத்துல அரசாங்கமே இலவசமா ரோட்டா சொட்டு கொடுக்குது.

வெண்ணாறு:
56. பாதிக்குச் சற்று மேல். வயலுக்குப் பாதித் தண்ணீர் இறைக்கிற பம்புசெட்டை உங்கள் கடையில் வாங்குவீர்களா தம்பி? உலகச் சுகாதார நிறுவனம் ரோட்டா தடுப்பு மருந்தை எல்லா நாட்டுக்கும் பரிந்துரைத்தது 2009-ல். 2011-ல் 2,267 பிள்ளைகளுக்கு ஏன் வெறும் சொட்டு? வெளிநாட்டுக் கம்பெனி மருந்து சந்தையில் இருந்ததே. இதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டீர்கள்.

வார்டு அக்கா:
நான் சொல்றேன். அந்த வெளிநாட்டு மருந்து நம்ம சர்க்கார் தடுப்பூசித் திட்டத்துல அன்னிக்கு இல்லை. காசு இருக்கறவங்க தனியார்ல போட்டுக்கிட்டாங்க. கூலி வேலைக்குப் போறவ பிள்ளைக்கு ஒண்ணும் கிடையாது. இந்தச் சொட்டு ஒரு டாலர் விலைக்குத் தர்றதுக்காகவே செஞ்சது. இந்தச் சொட்டுல இருக்கற 116ஈ-ங்கிற ரோட்டா கிருமியே டெல்லி ஆஸ்பத்திரியில பிறந்த பிள்ளைங்ககிட்டேர்ந்து 1980-கள்ல கிடைச்சது. நம்ம பிள்ளை உடம்புல, நம்ம தண்ணியில இது வேலை செய்யுமான்னு இங்கேதானே பார்க்கணும்? ஆய்வுல இருந்த பிள்ளைங்களை வாராவாரம் தேடிப் போய் விசாரிச்சாங்க. வயித்துப்போக்குன்னா எந்தப் பக்கப் பிள்ளையானாலும் வைத்தியம் பார்த்தாங்க. "வெறும் சொட்டு"ன்னா கைவிட்ட பிள்ளைன்னு நெனச்சுக்கறீங்க. அது இல்லை.

ஆராய்ச்சின்னாலே பிள்ளையை எலியாக்கறதுன்னு பேசறீங்களே, ஆராய்ச்சி இல்லாமலே நாங்க என்ன பண்ணிட்டு இருந்தோம் தெரியுமா? காய்ச்சலோட, ரத்த ஓட்டம் குறைஞ்சு ஷாக்ல வர்ற பிள்ளைக்கு 50 மில்லி சிரிஞ்சுல சலைனை இழுத்து இழுத்து வேகமா ஏத்துவோம். புத்தகத்துல அப்படித்தான் இருந்துச்சு. கை வலிக்க வலிக்க ஏத்தியிருக்கேன். கென்யா, உகாண்டா, தான்சானியாவுல 3,141 பிள்ளைங்களை வெச்சு முறையா ஆய்வு பண்ணினாங்க, 2011-ல வெளியாச்சு. 48 மணி நேரத்துக்குள்ள, வேகமா சலைன் ஏத்தின பிள்ளைங்கள்ல நூத்துக்கு 10.5 பேர் போயிட்டாங்க. ஏத்தாம விட்டதுல 7.3. வயித்துப்போக்குப் பிள்ளைங்க அந்த ஆய்வுல இல்லை, அதுக்குச் சலைன் தேவைதான். ஆனா மத்த பிள்ளைங்களுக்கு நல்லதுன்னு நெனச்சு நாங்க செஞ்சது கெடுதலா இருந்திருக்கலாம்னு சொன்னதே அந்த ஆராய்ச்சிதான். எந்த டாக்டரோட அனுபவமும் அதைச் சொல்லலை. பிள்ளையோட பாதுகாப்புன்னா எனக்கு இதுதான்.

வெண்ணாறு:
ஆப்பிரிக்கக் கதை நன்றாக இருக்கிறது. 6-க்கு 2-க்கு வாருங்கள். வேலூர் எண்ணிக்கையை மட்டும் தனியாகக் கொடுங்கள் என்று கேட்டு நீதிமன்றம் வரை போனார்களே, ஏன் தனியாகத் தரவில்லை? வேலூர் நம் தமிழ்ப் பிள்ளைகள்.

கொள்ளிடக்கரை:
வேலூர் எங்கே, நம்ம ஊர் எங்கே? பாலாறும் காவிரியும் ஒண்ணா?

வெண்ணாறு:
குடல் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அரசலாறு:
எல்லாரும் பெரியவங்க பேசறீங்க. என் பாப்பாவுக்கு வர்ற புதன்கிழமை ஆறாவது வாரம். சொட்டு போடலாமா வேணாமா? மாமியார் இந்த வாட்ஸ்அப்பைக் காட்டி வேணாங்கறாங்க.

வெண்ணாறு:
ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. 2009-ல் ஆந்திராவின் கம்மத்தில் பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஆய்வு என்று போட்டார்கள். பெற்றவர்களைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். 2010-ல் அரசே அதை நிறுத்தியது. 2013-ல் நாடாளுமன்றக் குழு கண்டித்து அறிக்கை கொடுத்தது. இதுவும் வாட்ஸ்அப் வதந்தியா அக்கா?

வார்டு அக்கா:
இல்லை. அது அநியாயம். நான் அதுக்கு வக்காலத்து வாங்கலை. அந்த மாதிரி அநியாயங்களுக்கு அப்புறம்தான் விதி இறுகிச்சு. புது மருந்து ஆய்வுக்கான 2019 விதிப்படி ஆய்வுல இருக்கற பிள்ளைக்கு ஏதாவது பெரிய பாதிப்புன்னா 24 மணி நேரத்துக்குள்ள அரசாங்கத்துக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்கணும். படிக்கத் தெரியாத தாய்னா சம்பந்தமில்லாத சாட்சி ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். கம்மத்துல தப்பு நடந்துச்சுன்னு 6-க்கு 2 மூணு மடங்காயிடுமா?

பாபநாசம் மெடிக்கல்:
2025 அக்டோபர் இருமல் சிரப் விஷயத்துக்கு அப்புறம் ஜனங்க பயப்படறதுல நியாயம் இருக்கு அக்கா. காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான சிரப்புல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற நச்சு ரசாயனம் 48 சதவீதத்துக்கு மேல. மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவுல பச்சைப் பிள்ளைங்க கிட்னி போய்ச் செத்துச்சு. என் கடைக்கு வந்து பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாங்க.

வெண்ணாறு:
பிடித்தீர்கள் தம்பி. உங்கள் ஆராய்ச்சி அந்தச் சிரப்பைப் பிடித்ததா அக்கா?

வார்டு அக்கா:
அது தயாரிப்புல நடந்த கோளாறு. ஒவ்வொரு தொகுதியையும் சோதிச்சுப் பார்க்காம விட்டது. இது மருந்து பலிக்குமா, பாதகம் உண்டான்னு பார்க்கற ஆய்வு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

வெண்ணாறு:
பிள்ளை செத்தால் எந்தக் கோளாறாக இருந்தால் என்ன?

வார்டு அக்கா:
அரசலாறு பாப்பா, உனக்கு முதல்ல சொல்லிடறேன். போடலாம். 6, 10, 14-வது வாரம் மூணு தவணை. அதை விட முக்கியம் ஒண்ணு, சொட்டு போட்டாலும் போடாட்டியும் இதை ஞாபகம் வெச்சுக்க. குடல் சொருகல் சொட்டு இல்லாமலும் வரும், ஒரு வயசுக்குள்ள வர்றதுதான் ஜாஸ்தி. பிள்ளை திடீர்னு முட்டியை வயித்தோட மடக்கிட்டு வீறிட்டு அழும். கொஞ்ச நேரத்துல ஒண்ணுமில்லாத மாதிரி துவண்டு கிடக்கும். மறுபடி அழும். வாந்தி பச்சையா வரும். அப்புறம் ரத்தமும் சளியும் கலந்து போகும். ரத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்காதே. ஸ்கேன்ல தெரிஞ்சிடும். சீக்கிரம் வந்தா ஆசனவாய் வழியா காத்தோ சலைனோ செலுத்தியே குடலைத் திருப்பிடலாம், ஆபரேஷன் வேணாம்.

ஒரத்தநாடு பக்கத்துலேர்ந்து ஒரு பிள்ளை வந்துச்சு, ஏழு மாசம். இந்தச் சொட்டெல்லாம் வர்றதுக்கு முன்னாடி. ராத்திரி அழ ஆரம்பிச்சிருக்கு. மறுநாள் காலையில தொக்கம் எடுக்கக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. வயித்தைத் தடவி, ஊதி, வாயிலேர்ந்து முருங்கைக்கீரைக் காம்பு ஒண்ணை எடுத்துக் காட்டியிருக்காங்க. தாய்ப்பாலும் கஞ்சியும் குடிக்கற பிள்ளைக்கு முருங்கைக் காம்பு எங்கேர்ந்து வந்துச்சு? எங்ககிட்ட வர்றப்ப வயிறு கல்லா இருந்துச்சு. குடல் கறுத்துப் போச்சு, வெட்டி எடுத்துத் தைச்சாங்க. பிள்ளை பொழைச்சுது. அந்தத் தாய் அந்தக் காம்பை முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தா.

வெண்ணாறு:
இப்போது புரிகிறது, உங்களுக்கு யார் மேல் கோபம் என்று. எங்கள் அத்தை காலமெல்லாம் தொக்கம் எடுத்தவர். ஒருவரிடமும் காசு வாங்கியதில்லை, வெற்றிலைப் பாக்கு மட்டும்தான். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து பார்ப்பார். உங்கள் ஆஸ்பத்திரியில் நள்ளிரவில் போனால் என்ன மரியாதை கிடைக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

வார்டு அக்கா:
உங்க அத்தையை நான் ஒரு வார்த்தை சொல்லலை. காம்பைத்தான் சொன்னேன்.

வெண்ணாறு:
ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டு "சொல்லலை" என்கிறீர்கள்.

கொள்ளிடக்கரை:
எனக்கும் சின்ன வயசுல தொக்கம் எடுத்தாங்க. நல்லாத்தான் இருக்கேன்.

பாபநாசம் மெடிக்கல்:
எல்லாருக்கும் எடுத்தாங்க. எடுக்காதவன் டெல்டாவுல யாரு? அதுக்காகக் குடல் சொருகலுக்கு அங்கே போகணுமா? வயித்துப்போக்குக்கும் இதே கூத்துதான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கேட்டு வர்றவங்க அதை ஒரு லிட்டர்ல கலக்கறதில்லை, ஒரு டம்ளர்ல கொட்டிக் கொடுக்கறாங்க. பிள்ளைக்கு உப்பு ஏறிடும். பாதி பேர் அட்டைப் பெட்டி ஜூஸைத்தான் ஓ.ஆர்.எஸ்.ங்கறாங்க. 2025-ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பேரைப் போடக் கூடாதுன்னு உத்தரவு போட்ட பிறகும்.

வெண்ணாறு:
நீங்கள்தானே தம்பி அதை விற்றீர்கள்?

பாபநாசம் மெடிக்கல்:
நான் விக்கலை. பேசறப்ப பார்த்துப் பேசுங்க அண்ணே.

கணக்கு வாத்தியார், மன்னார்குடி:
விஷயத்துக்கு வருகிறேன். குடல் சொருகல் மிக அரிது. 6,799 பேரை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது என்பது உண்மைதான். 2006-ல் வெளியான வெளிநாட்டு ஆய்வுகள் இரண்டும் தலா 60,000 பிள்ளைகளுக்கு மேல்.

வெண்ணாறு:
எழுதி வைத்துக்கொள்ளுங்கள் எல்லோரும். வாத்தியாரே ஒப்புக்கொண்டார். வெளிநாட்டுப் பிள்ளைக்கு 60,000, நம் பிள்ளைக்கு 6,799.

கணக்கு வாத்தியார், மன்னார்குடி:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை! பாதி வரியைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள்.

வார்டு அக்கா:
மீதியை நான் சொல்றேன். அதனாலதான் சொட்டு திட்டத்துக்கு வந்த பிறகும் விடாம கண்காணிச்சாங்க. 2016 ஏப்ரல்லேர்ந்து 2019 ஜூன் வரைக்கும் நாடு முழுக்க 27 ஆஸ்பத்திரியில குடல் சொருகலோட வந்த 970 கைக்குழந்தைங்களைக் கணக்கெடுத்தாங்க. சொட்டு போட்ட பின்னாடி வர்ற நாட்கள்ல குடல் சொருகல் கூடுதான்னு பார்த்தாங்க. கூடலை. 2020-ல வெளியாச்சு. கூடியிருந்தா என்ன நடந்திருக்கும்னும் தெரியும். அமெரிக்காவுல முதல் ரோட்டா மருந்து 1998-ல வந்துச்சு, குடல் சொருகல் 15 பேருக்கு வந்ததா தகவல் வந்ததும் 1999 ஜூலையில போடறதை நிறுத்திவெச்சாங்க, அக்டோபர்ல கம்பெனியே திரும்ப வாங்கிடுச்சு. நீங்க 8 பிள்ளையை வெச்சுப் பேசறீங்க வெண்ணாறு. நான் 970 சொல்றேன்.

வெண்ணாறு:
அந்த 970-ல் சொட்டு போட்டவர்கள் எத்தனை, போடாதவர்கள் எத்தனை?

கணக்கு வாத்தியார், மன்னார்குடி:
அந்த ஆய்வின் முறையே வேறு. ஒவ்வொரு பிள்ளையையும் அதே பிள்ளையோடுதான் ஒப்பிடுகிறார்கள், சொட்டு போட்டதை ஒட்டிய நாட்களையும் மற்ற நாட்களையும். அதில் 589 பிள்ளைகள்...

வெண்ணாறு:
970 என்றார்கள், இப்போது 589. மீதிப் பிள்ளைகள் எங்கே போனார்கள்?

கணக்கு வாத்தியார், மன்னார்குடி:
அந்தக் கணக்கு முறையில் எல்லோரையும் சேர்க்கவில்லை; எடுத்துக்கொண்டது 28 நாளிலிருந்து ஒரு வயது வரை உள்ள 589 பேரை. மறைக்கவில்லை, முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

அரசலாறு:
அக்கா, நீங்க சொன்னதை மாமியார்கிட்ட படிச்சுக் காட்டினேன். 970-ஐ விட்டுட்டாங்க. "ஆறு பேருக்கு வந்துச்சா இல்லையா"ன்னுதான் கேக்கறாங்க.

வெண்ணாறு:
பெரியவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள்.

வார்டு அக்கா:
பாப்பா, உன் வீட்டுல போன் குடுத்து மாமியாரை என்கிட்ட பேசச் சொல்லு, நம்பரைத் தனியா அனுப்பறேன். வெண்ணாறு, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு. அந்தக் குழுவுல போட்டதை எடுப்பீங்களா, மாட்டீங்களா?

வெண்ணாறு:
எண் சரி. எடுக்க மாட்டேன். நீங்கள் முதலில் எங்கள் அத்தையைப் பற்றி எழுதியதை எடுங்கள்.

வார்டு அக்கா:
உங்க அத்தை பேரே எனக்குத் தெரியாது. 4,532-க்கு 6, 2,267-க்கு 2. இதையாவது கூடப் போடுங்க.

வெண்ணாறு:
6-க்கு 2.