பிளஸ் டூ ஃபேர்வெல் நடத்தணும், எங்க இருந்து தொடங்க?

குளச்சல் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். நான் பிளஸ் ஒன், குளச்சல் பக்கம் ஒரு ஸ்கூல். பிளஸ் டூ அக்கா அண்ணன்மாருக்கு ஃபேர்வெல் நடத்துற கமிட்டில என்னையும் பிடிச்சுப் போட்டுட்டாவ. நாங்க 70 பேரு, அவிய 85. பாதி பேரு நாகர்கோவில்ல ஹால் பிடிச்சு டிஜே வைக்கணும், ஆளுக்கு 500 ரூவா பிரிக்கணும்னு நிக்கானுவ, மிஸ் என்னடான்னா ஸ்கூல் ஆடிட்டோரியத்த விட்டு வெளிய பேச்சே கிடையாதுன்னுட்டாங்க, இதுல பொண்ணுங்க செட் சேலை பையம்மாரு வேட்டின்னு இன்னொரு குரூப்பு. கடலுக்குப் போற வீட்டுப் பிள்ளைங்க நாலஞ்சு பேரு இருக்காவ, இப்ப மீன் பாடும் சரியில்ல, 500ன்னதும் தலைய குனிஞ்சுட்டு இருந்துட்டாவ. தேதி 2026 பிப்ரவரி கடைசின்னு பேச்சு. யாராவது சொல்லுங்க.

தக்கலை அண்ணன்:
மொதல்ல தேதிய மாத்து மக்கா. பிப்ரவரில பிராக்டிக்கல், மார்ச் முதல் வாரம் பப்ளிக், அந்த நேரத்துல எவன் வந்து ஆடுவான். அது போக 15ந்தேதி சிவராத்திரி, முந்தின நாள் சாயங்காலமே முஞ்சிறைல சிவாலய ஓட்டம் தொடங்கிரும், திருநட்டாலம் வரைக்கும் 12 கோயிலு ஓடிட்டு வந்தவன் திங்கக்கிழமை எந்திரிப்பான்னு நினைக்காத. 18ந்தேதி விபூதி புதன், பொறவு தவக்காலம், நிறைய வீட்ல கறியும் கிடையாது ஆட்டம்பாட்டத்துக்கும் விடமாட்டாவ. ஜனவரி 26 கொடியேத்தம் கழிஞ்ச அந்த வாரம் வியாழன் பாரு. வெள்ளி வேண்டாம், மத்தியானம் ஜும்மாவுக்கு போற பயலுவ இருப்பானுவ. ஹால்னு பேசுறவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு, சாயங்காலம் 6 மணிக்கு மேல தேங்காப்பட்டணம் பக்கத்துப் பிள்ளைங்கள யாரு கொண்டு விடுவான்னு.

மைக் செட் காரன்:
டிஜேக்கு குடுக்குற பைசா தண்டம் தம்பி தங்கச்சிமாரே. ஆடிட்டோரியத்துக்கு ரெண்டு பாக்ஸ், ஒரு மிக்ஸர், ரெண்டு கார்ட்லெஸ் மைக் போதும். பாட்ட எல்லாம் டான்ஸ் வரிசைப்படியே 01, 02ன்னு நம்பர் போட்டு பென் டிரைவ்ல ஏத்தி முந்தின நாளே குடுத்துருங்க. போன்ல இருந்து போடுறோம்னு வருவாவ, நடு டான்ஸ்ல ஒருத்தன் அம்மா போன் அடிப்பாவ, ரிங்டோன் பாக்ஸ்ல முழங்கும், ஸ்டேஜ்ல நிக்குற பிள்ளை அழுதுரும். இத நான் எத்தன தடவ பாத்தாச்சு. அப்புறம் கரண்டு போனா என்ன செய்யன்னு ஸ்கூல் ஜெனரேட்டர இப்பவே கேட்டு வையுங்க.

ராஜாக்கமங்கலம் அக்கா:
பைசா விசயத்துக்கு நான் சொல்லுகேன் கேளு. 500 எல்லாம் எதுக்கு, 150 வை, அதுவும் பேரு எழுதி டிக் அடிக்காத. ஆளுக்கு ஒரு கவர் குடு, ஒட்டி மிஸ் மேசைல வைக்கச் சொல்லு, உள்ள 50 இருந்தாலும் சரி, ஒண்ணும் இல்லன்னாலும் சரி, யாரு கவருன்னு யாருக்கும் தெரியக்கூடாது. உன் கணக்குல 10,500 வரும், கொறைஞ்சு 8000 வந்தாலும் தாராளம். பூ வேணும்னா தோவாளை சந்தைக்கு வெளுக்க முன்ன போயிரணும், ஆனா தை மாசம் பனி, பிச்சி மல்லி வரத்தும் கொறைவு, முகூர்த்தமும் சேர்ந்தா கிட்ட நெருங்க முடியாது, அதனால கேந்தியும் வாடாமல்லியும் போதும், மிச்சத்துக்கு குருத்தோலைத் தோரணம், உங்க கிளாஸ்லயே பின்னத் தெரிஞ்சவ பத்து பேரு இருப்பாவ. சாப்பாட்டுக்கு ஏத்தம்பழ பஜ்ஜி, சுண்டல், டீ. பிளாஸ்டிக் கப், தெர்மாகோல் தட்டு எல்லாம் 2019லயே தடை பண்ணியாச்சு, பாத்திர வாடகைக் கடைல டம்ளர் எடுத்துக்க. டிரஸ் கோடுன்னு சொன்னா சேலை வாங்கச் சொல்லுகதா அர்த்தம், அதுக்கே 500க்கு மேல ஆயிரும், பைசா கொறைச்சு என்ன பிரயோசனம்? கலர் மட்டும் சொல்லு, வீட்ல இருக்கத உடுத்துட்டு வரட்டும்.

குளச்சல் பொண்ணு:
கவர் ஐடியா மிஸ்ஸுக்கு ரொம்பப் பிடிச்சிட்டு, தேதியும் 29 வியாழன்னு முடிவாயிட்டு. டிஜே கோஷ்டி ரெண்டு நாளா மூஞ்சிய தூக்கிட்டு இருந்தானுவ, சிங்காரி மேளம் அடிக்கிற பையன் பிளஸ் டூலயே ஒருத்தன் இருக்கான்னதும் இப்ப அவன் பின்னால சுத்துகானுவ. அவனே சீஃப் கெஸ்ட் மாதிரி இருக்க வேண்டியவன், அவனையே அடிக்கச் சொல்லலாமா அக்கா?

ராஜாக்கமங்கலம் அக்கா:
கடைசி பத்து நிமிசம் குடு. கேக்கலன்னாதான் கோவப்படுவான்.