நெல்லையின் 20-ஆம் நூற்றாண்டுக்கு ஒரு கண்காட்சி: என்னவெல்லாம் வைக்கலாம்?

பாளை வாசகன்:
எங்க தெரு நூலகத்துல மாடி சும்மா கிடக்கு. 1900-லேருந்து 2000 வரைக்கும் நெல்லைச் சனங்க எப்படிப் பிழைச்சாங்கன்னு ஒரு கண்காட்சி போடலாம்னு கிளம்பியிருக்கோம். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கைக்குப் பொருநை அருங்காட்சியகம் இருக்கு. நம்ம ஆச்சி காலத்துக் கதைக்குத்தான் இடமில்லை. இதுவரை சேர்ந்தது வ.உ.சி., பாரதி, வாஞ்சிநாதன் படங்களும் சுலோசன முதலியார் பாலத்தோட பழைய போட்டோவும்தான். (பாலம் 1843. கணக்குப்படி சேராது, ஆனா எடுக்க மனசு வரலை.) வேற என்ன வைக்கலாம்?

கொக்கிரகுளத்தான்:
வ.உ.சி. படத்தோட நிறுத்திராதீங்க. அவரையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது பண்ணின மறுநாள், 1908 மார்ச் 13, ஊரே கொந்தளிச்சுது. நகராட்சி அலுவலகம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் தாக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டுல நாலு பேர் செத்தாங்க. டவுன் வரைபடம் ஒண்ணு பெருசா மாட்டி அந்த இடங்களைக் குறிங்க. அவங்க ரெண்டு பேரும் முன்னால நின்ன தூத்துக்குடி கோரல் நூல் மில் வேலைநிறுத்தத்தையும் பக்கத்துலயே வைங்க. அது இல்லாம இது புரியாது.

முக்கூடல் மக:
தம்பி, பீடியை விட்டுட்டு நம்மூர்க் கதையை எப்படிச் சொல்லுவிய? முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம்னு திண்ணைக்குத் திண்ணை பீடி சுத்துற சொளவு (முறம்) இருந்த சீமை இது. எங்கம்மா பீடி சுத்தித்தான் என்னைப் படிக்க வச்சா.

சொளவு, கத்தரி, இலையை அளவு பார்த்து வெட்டுற தகடு, நூல்கண்டு எல்லாம் ஈசியாக் கிடைக்கும். ஆனா கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சா சாமான்தான் தெரியும், பாடு தெரியாது. சுத்துற ஒரு அக்காவைக் கூட்டியாந்து உக்கார வைங்க. ராத்திரியே இலையை நனைச்சு ஈரத்துணியில பொதிஞ்சு வைக்கணும். காலையில தகட்டை மேல வச்சு, நரம்பு பார்த்து வெட்டணும். புகையிலைத் தூளை நிரவி, உருட்டி, நூல் கட்டி, வாயை மடக்கணும். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தா ஆயிரம். கூலி ஆயிரத்துக்குத்தான்.

அப்புறம் இலையும் தூளும் கொடுத்து பீடியை வாங்கிக்கிற கம்பெனிக் கடை. அங்க கட்டைப் பிரிச்சு, ஆகாததைக் கழிச்சுப் போடுவாங்க. கழிச்ச பீடி திரும்பி வராது. இலை ஓட்டையும் ஒடிசலுமா வந்து எண்ணிக்கை குறைஞ்சா, அம்மா கைக்காசு போட்டு இலை வாங்கி ஈடு கட்டுவா. ரசீதா கொடுத்தான்! இதையெல்லாம் எழுதி மாட்டணும்.

1966-ல வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்துல வீட்டுல சுத்துறவங்களும் தொழிலாளிதான்னு இருக்கு. 1976 நல நிதிச் சட்டத்தால அடையாள அட்டை, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகைன்னு வந்துச்சு. அதனால கடைக்கணக்கு எழுதுற பீடி பாஸ்புக்கைத் தேடிப் பிடிங்க. மாமியார் பேர்ல புக்கு இருக்கும், சுத்துனது மருமவளா இருப்பா. அந்த ஒரு புக்கை வச்சே ஒரு குடும்பத்தோட கதையைச் சொல்லிரலாம்.

மலைக்காரன்:
மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை மறந்துராதீங்க. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல 99 வருசக் குத்தகைக்கு விட்ட காடு. 1999 ஜூலை 23 அன்னைக்குக் கூலி உயர்வும், சிறையில இருந்தவங்க விடுதலையும் கேட்டு நெல்லையில ஊர்வலம் வந்த எஸ்டேட் தொழிலாளிக மேல போலீஸ் தடியடி. தாமிரபரணி ஆத்துல 17 உயிர் போச்சு. உங்க நூறு வருசம் முடியுற இடம் அதுதான். எஸ்டேட் ஆளுக இப்போ ஊர் ஊராச் சிதறிட்டாங்க, சீக்கிரம் பேசிப் பதிவு பண்ணுங்க.

பாளை வாசகன்:
அக்கா, பாஸ்புக்கெல்லாம் நம்பித் தருவாங்களா?

முக்கூடல் மக:
தர மாட்டாங்க, கேக்கவும் செய்யாதிய. பென்ஷன், பி.எஃப். எல்லாம் அதுலதான் தொங்குது. வீட்டுக்கே போயி போன்ல படம் எடுத்து, அங்கனயே திருப்பிக் கொடுத்துருங்க. பேர், நம்பரை மறைச்சு பிரிண்ட் போடுங்க. பழைய தாளை லேமினேஷன் பண்றேன்னு பாழாக்கிராதிய.

ஆமா, நூலகம் எத்தனை மணிக்கு அடைப்பிய? பகல்ல மட்டும் திறந்தா சுத்துறவ ஒருத்தியும் வர மாட்டா. கடைக்குப் போயி கணக்கு முடிச்சுட்டு வர்ற நேரம் பார்த்துத் திறந்து வைங்க.