காலி செய்யும் வீட்டில் உப்புக் கறை: வினிகரை எங்கே ஊற்றலாம், எங்கே கூடாது?

முல்லைக்கொடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மேடவாக்கம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறோம். இங்கே குடிக்கக் கேன், மற்ற எல்லாவற்றுக்கும் போர்வெல் தண்ணீர். சோப்பு நுரைக்காது. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தால் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. குளியலறைக் குழாய்களில் உப்பு கெட்டிப்பட்டுக் குழாயின் நிறமே மறைந்துவிட்டது. ஷவரில் பாதித் துளைகள் அடைத்துக்கொண்டு தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சுகிறது. டைல்ஸ் சுவரில் இடுப்பு உயரம் வரை சாம்பல் பூத்தது போல் இருக்கிறது.

வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் மாற்றித்தான் அடுத்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும், அட்வான்ஸில் கழித்துக்கொள்வேன்" என்கிறார். அந்தப் பணத்தை நம்பித்தான் புது வீட்டுக்கு முன்பணம் பேசியிருக்கிறோம். ஆகவே சுத்தம் செய்தே தீர வேண்டும்.

என் நாத்தனார் வினிகர் வாங்கச் சொன்னார். மளிகைக் கடையில் வெள்ளை வினிகர் வாங்கி வைத்திருக்கிறேன். என் திட்டம் இது: குழாய்களுக்கு வினிகரும் சமையல் சோடாவும் கலந்து பூசுவது, குளியலறைத் தரைக்கு பிளீச்சிங் பவுடர் தூவி அதன் மேல் வினிகர் ஊற்றி ஊற வைப்பது, சமையலறை மேடை கடப்பா கல், அதன் எண்ணெய்ப் பிசுக்குக்கும் ஹாலின் வெள்ளை மார்பிள் தரைக்கும் வினிகர் கலந்த தண்ணீர். சரிதானா? நாளைக் காலை ஆரம்பிக்கிறேன்.

ஆய்வகத்து ஆள்

சகோதரி, முதலில் ஒன்று. பிளீச்சிங் பவுடரின் மேல் வினிகர் ஊற்றாதீர்கள். வேறு எதைச் செய்தாலும் இதைச் செய்யாதீர்கள். பிளீச்சிங் பவுடரோ, பாட்டிலில் வரும் திரவ பிளீச்சோ, அமிலம் பட்டால் குளோரின் வாயு வெளியேறும். காற்றை விடக் கனமான வாயு அது, தரையோடு தங்கும். குளியலறையின் சிறிய ஜன்னல் அதற்குப் போதாது. குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் மூக்குக்கு நேராக நிற்கும். கண் எரியும், தொண்டை அடைக்கும், நுரையீரலைப் புண்ணாக்கும். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டுக்கும் இதே விதிதான். ஒரு நாள் பிளீச் போட்டால் நன்றாகக் கழுவிவிட்டு, வினிகரை வேறொரு நாள் எடுங்கள்.

அடுத்து, சமையல் சோடா. வினிகர் அமிலம், சோடா காரம். இரண்டும் சேர்ந்தால் பொங்குகிற பொங்கலைப் பார்த்து அழுக்கு கரைகிறது என்று நினைக்கிறோம். பொங்குவது கரியமில வாயு மட்டுமே. பொங்கி அடங்கியபின் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர். உப்பைக் கரைக்க வேண்டிய அமிலத்தை நீங்களே செலவழித்துவிடுகிறீர்கள். சோடாவைத் தனியாக வையுங்கள், பிசுக்குத் தேய்க்க உதவும்.

உங்கள் குழாயில் உப்பு என்று படிந்திருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் அதைத் தண்ணீரில் கரையும் கால்சியம் அசிடேட்டாக மாற்றுகிறது. கடை வினிகரில் அமிலம் 4 முதல் 5 சதவீதம் வரை இருக்கும். நம் நாட்டுச் சட்டப்படி 3.75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 5 சதவீத வினிகர் ஒரு லிட்டர், கணக்குப்படி சுமார் 40 கிராம் சுண்ணாம்பைத்தான் கரைக்கும். அதனால் தண்ணீர் கலந்து நீர்க்க விடாமல் அப்படியே பயன்படுத்துங்கள். நுரை நின்றுவிட்டால் அந்த வினிகரின் வேலை முடிந்தது, புதிதாக நனைக்க வேண்டும். வேகமாக முடியட்டும் என்று அடர் அசிட்டிக் அமிலம் வாங்கி வந்து வீட்டில் கலக்க வேண்டாம். அது தோலைச் சுட்டுவிடும்.

கல் விஷயத்தைக் கல் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பாலிஷ்காரர்

அம்மா, நான் தரை பாலிஷ் போடும் தொழிலில் இருப்பவன். மொசைக் போட்ட காலத்திலிருந்து இந்த மெஷினோடுதான் என் பிழைப்பு. உங்கள் திட்டத்தில் கடைசி வரியைப் படித்ததும் பதறிப்போய் எழுதுகிறேன். கடப்பா மேடையிலும் மார்பிளிலும் வினிகர் ஒரு சொட்டுக் கூடப் படக் கூடாது.

காரணம் எளிது. மேலே தம்பி சொன்னாரே, குழாயில் இருப்பது சுண்ணாம்பு, அதை வினிகர் கரைக்கும் என்று. மார்பிளும் அதே சுண்ணாம்புதான். கடப்பாவும் சுண்ணாம்புக் கல்தான், கறுப்பாக இருப்பதால் பலருக்குத் தெரிவதில்லை. கோட்டா கல்லும் அந்த இனம். மொசைக் என்பது சிமெண்டில் மார்பிள் சில்லுகளைப் பதித்தது. செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடிக் கல் முழுக்கச் சிமெண்ட் வேலை. வினிகருக்குக் கறை எது, கல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கறையைத் தின்ற கையோடு கல்லையும் தின்னும். ஆகவே கறையைப் பார்ப்பதற்கு முன், அது எதன் மேல் படிந்திருக்கிறது என்று பாருங்கள்.

எது என்ன கல் என்று தெரியாவிட்டால், அடுப்புக்குப் பின்னாலோ கதவுக்குப் பின்னாலோ கண்ணில் படாத மூலையில் ஒரே ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் தலையைச் சாய்த்து வெளிச்சம் விழும் பக்கமாகப் பாருங்கள். சொட்டு விழுந்த இடம் பளபளப்பு இழந்து மங்கலாக வட்டமிட்டிருந்தால் அது சுண்ணாம்புக் கல். கடப்பாவாக இருந்தால் கறுப்பு வெளிறிச் சாம்பல் நிறமாகும். கிரானைட்டில் அப்படி விழாது, ஆனால் அதன் மேல் பூசியிருக்கும் சீலர் என்ற காப்புப் பூச்சு போய்விடும் என்பதால் அதற்கும் நான் வினிகரைச் சிபாரிசு செய்வதில்லை. உங்கள் மார்பிளில் இந்தச் சோதனையே வேண்டாம், அது மார்பிள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கடப்பாவின் பிசுக்குக்கு வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போதும். சோப்பு நீரைப் பூசிப் பத்து நிமிடம் ஊற விட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, துடைத்துக் காய விடுங்கள். காய்ந்தபின் துணியில் இரண்டு துளி தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்தால் பழைய கறுப்பு வந்துவிடும். மார்பிளுக்கு வெறும் தண்ணீர், அழுக்கு அதிகமானால் மிதமான சோப்பு, அவ்வளவுதான்.

இனி குழாய்க்கு வருவோம். இங்கேதான் வினிகர் உங்கள் தோழன். ஊற்றினால் வழிந்து கீழே போய்விடும், நிற்காது. பழைய பருத்தித் துணியைக் கிழித்து வினிகரில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டுங்கள், கழுத்து மடிப்பிலும் கைப்பிடியின் அடியிலும் இறுக்கமாக. சற்று நேரத்தில் துணி ஓரத்தில் பொடிக் குமிழ் வரும். அரை மணி நேரம் போதும். துணியை எடுத்தால் கல் போல் இருந்த உப்பு, ஈரச் சாக்பீஸ் மாதிரி கொழகொழவென்று இருக்கும். கட்டை விரல் நகத்தால் தள்ளினாலே வந்துவிடும். இடுக்குக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். கம்பி நார் வேண்டவே வேண்டாம், குரோம் பூச்சில் கீறல் விழுந்தால் அடுத்த முறை உப்பு அந்தக் கீறலில்தான் முதலில் பிடிக்கும். தடித்துப் போயிருந்தால் ஒரே மூச்சில் இரவெல்லாம் கட்டி வைக்காமல், கழுவிவிட்டு இன்னொரு முறை கட்டுங்கள். தங்க நிறப் பூச்சுள்ள குழாய் என்றால் வினிகரைத் தொடாதீர்கள், பூச்சு போய்விடும்.

குழாயின் வாயில் திருகு போட்ட சிறு சல்லடை இருக்கும். கழற்றி டம்ளரில் வினிகர் ஊற்றிப் போடுங்கள். அதற்குள் அரிசிக் குறுணை அளவு உப்புத் துண்டுகள் சிக்கியிருக்கும், தண்ணீர் குறைவாக வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஷவரும் கழற்ற வந்தால் கழற்றி ஒரு கிண்ணத்தில் கவிழ்த்து ஊற வையுங்கள். கழற்ற வராவிட்டால் பாலிதீன் பையில் வினிகர் ஊற்றி ஷவர் முகம் மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டுங்கள். பிறகு ஊசியால் துளைகளைக் குத்திவிட்டு முழு வேகத்தில் தண்ணீரைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூளெல்லாம் வெளியே வரும்.

சுவர் டைல்ஸ் பளபளப்பு பூசியதாக இருந்தால் அதற்கு ஆபத்தில்லை. ஆனால் டைல்ஸுக்கு இடையில் அடைத்திருக்கும் வெள்ளைச் சிமெண்ட்? அதுவும் சுண்ணாம்பின் சொந்தக்காரன்தான். அதனால் முதலில் சுவர் முழுக்கத் தண்ணீர் அடித்து நனையுங்கள். அந்த இடுக்குகள் தண்ணீரைக் குடித்து நிறைந்துவிட்டால் வினிகர் உள்ளே இறங்காது. பிறகு வினிகர் தொட்ட துணியால் பகுதி பகுதியாகத் துடைத்து, ஐந்து நிமிடத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மேலிருந்து கீழாகச் செய்யுங்கள். குளியலறை வாசற்படி பல வீடுகளில் மார்பிளாகவோ கடப்பாவாகவோ இருக்கும், அங்கே வழிந்து வரும் வினிகரை நிற்க விடாதீர்கள்.

கிணற்றடி (யாழ்ப்பாணம்)

எங்கள் குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் ஓடு கட்டும். பாதி வினாகிரி (வினிகர்), பாதித் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, நிறுத்தி ஒரு மணி நேரம் அப்படியே விட்டால் ஓடு தகடு தகடாகக் கழன்றுவிடும். பிறகு வெறும் தண்ணீரை இரண்டு தடவை கொதிக்க வைத்து ஊற்றிவிட்டுத்தான் தேநீர் போட வேண்டும். கள்ளில் செய்த வினாகிரியை இதற்கு வீணாக்க வேண்டாம், அது கறிக்கு. துப்புரவுக்குச் செயற்கை வினாகிரி நல்லது.

இடியப்பம் அவிக்கும் அலுமினியச் சட்டியின் அடி கறுக்காமல் இருக்க, பிழிந்த தேசிக்காய் (எலுமிச்சை) தோலைத் தண்ணீரோடு போட்டு அவிப்போம். புளிக் கொட்டை அளவு பழப்புளி போட்டாலும் சரி. மீன் வெட்டிய பலகையின் வெடுக்குக்கு வினாகிரி தடவிக் கழுவுங்கள், மணம் போய்விடும். தோசைக்கல்லுக்கு மட்டும் காட்ட வேண்டாம், எண்ணெய் ஏறிப் பழகிய இரும்பு துருப்பிடித்துவிடும்.

முல்லைக்கொடி

நல்ல வேளையாக ஆரம்பிப்பதற்கு முன் கேட்டேன். எல்லோருக்கும் நன்றி. அண்ணா சொன்னபடி துணி கட்டியதில் குளியலறையின் இரண்டு குழாய்களிலும் முகம் பார்க்கலாம். ஷவர் நேராகப் பொழிகிறது. என் மாமியார் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

பாலிஷ்கார அண்ணாவுக்கு ஒரு கேள்வி. ஹால் மார்பிளில் நாங்கள் வருவதற்கு முன்பே ஊறுகாய் ஜாடி வைத்தது போல் ஒரு வட்டம் இருக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை. வீட்டுக்காரர் அதையும் எங்கள் கணக்கில் எழுதப் பார்க்கிறார். அதற்கு என்ன வழி? எங்கள் ஊரில் பாலிஷ் போடும்போது ஆக்சாலிக் பவுடர் போடுவார்களே, அதுவும் அமிலம்தானே, அதை வாங்கித் தேய்க்கலாமா?

பாலிஷ்காரர்

துடைத்துப் போகாது அம்மா, ஏனென்றால் அங்கே ஒட்டியிருப்பது எதுவுமில்லை. ஊறுகாயின் புளிப்பு கல்லின் மேல்தோலை அரித்துவிட்ட இடம் அது. விரலால் தடவிப் பாருங்கள், சுற்றியிருக்கும் கல் வழுக்கும், வட்டம் மட்டும் சற்றுச் சொரசொரவென்று இருக்கும். அந்த இடத்தை மட்டும் கையில் பிடிக்கும் சிறு மெஷினால் படிப்படியாக நைஸாக இழைத்துப் பாலிஷ் ஏற்ற வேண்டும். ஒரு வட்டத்துக்காக ஹால் முழுவதையும் இழைக்க வேண்டியதில்லை. அப்படி யாராவது விலை சொன்னால் வேறு ஆளைக் கேளுங்கள். நீங்கள் குடிவந்தபோது எடுத்த புகைப்படம் ஏதாவது கைப்பேசியில் இருந்தால், அதில் தரை தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள். பால் காய்ச்சிய அன்று எடுத்த படத்தில் தரை கட்டாயம் விழுந்திருக்கும்.

ஆக்சாலிக் பவுடரும் அமிலம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது சுண்ணாம்போடு சேர்ந்தால் உருவாகும் பொருள் தண்ணீரில் கரையாது. வினிகரில் நடப்பது போல் கரைந்து ஓடிவிடாமல் கல்லின் மேலேயே தங்கும். இழைத்து முடித்த கல்லில், கடைசிக் கட்டத்தில், அளவாகத் தூவி மெஷின் ஓட்டுவதால் பளபளப்பு வருகிறது. கையால் தேய்த்தால் அந்த அழுத்தமும் கிடைக்காது, சீரும் கிடைக்காது. அதோடு அது விஷம். குழந்தைகள் உள்ள வீட்டில் வாங்கி வைக்காதீர்கள்.

முல்லைக்கொடி

பால் காய்ச்சிய படத்தில் வட்டம் தெளிவாகத் தெரிகிறது அண்ணா! அடுப்பை ஹாலில்தான் வைத்திருந்தோம். படத்தை வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டேன். அந்த வட்டத்தை இனி எங்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்று பதில் போட்டிருக்கிறார்.

கடைசியாக ஒன்று. வாஷிங் மெஷினைப் புது வீட்டுக்கு எடுத்துப் போகிறோம். உள்ளே வெள்ளை படிந்திருக்கிறது. மிஞ்சிய வினிகரை அதில் ஊற்றி ஓட்டிவிடட்டுமா?

ஆய்வகத்து ஆள்

வேண்டாம் சகோதரி. அடிக்கடி வினிகர் ஊற்றினால் கதவைச் சுற்றியுள்ள ரப்பரும் குழாய்களும் நாளடைவில் கெட்டுப்போகும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள், சிட்ரிக் அமிலம் அது. சுமார் 100 கிராம் டிரம்மில் போட்டு, துணி இல்லாமல், 60 டிகிரி வெந்நீர் ஓட்டத்தில் விடுங்கள். முடிந்ததும் வெறும் தண்ணீரில் ஒரு அலசல். உங்கள் மெஷினின் கையேட்டில் உப்பு நீக்குவது பற்றி வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். மிஞ்சிய வினிகரைப் புது வீட்டுக்கே கொண்டு போங்கள், அங்கேயும் போர்வெல்தான் என்றால் குழாய்களை வாரம் ஒரு முறை வினிகர்த் துணியால் துடைத்து உடனே கழுவிவிடலாம்.