'மிகைச்சுமை' என்ற ஒரே சொல் போதுமா? சுரங்க டம்பர்களைச் சாலையில் கொண்டுசெல்லும் துறைக்கான கலைச்சொற்கள்

மடல் 1: சொற்பட்டியல் தொகுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

சுரங்கத்தில் மண்ணும் தாதுவும் சுமக்கும் ராட்சத லாரிகளான டம்பர்களைத் துறைமுகத்தில் இறக்கிச் சுரங்கம் வரை சாலையில் கொண்டுபோகும் வேலைக்கு ஒரு கையேடு தயாராகிறது. அதற்காக மூன்று சொற்களை முன்வைக்கிறேன். சாலையின் பொது வரம்புக்குள் அடங்காத, வண்டிக்காரர்கள் 'ஓடிசி' (ODC) என்று சொல்லும் சரக்குக்கு மிகைச்சுமை, டிரெய்லரின் அடியில் குறுக்கே அமைந்த ஒரு வரிசைச் சக்கரங்களைக் குறிக்கும் 'ஆக்சில் லைன்' என்பதற்கு அச்சு வரிசை, சரக்கை டிரெய்லரோடு பிணைக்கும் 'லாஷிங்' என்பதற்குக் கட்டு. மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்.

———

மடல் 2: கனரகப் போக்குவரத்துத் திட்டமிடுபவர்

> ஓடிசி = மிகைச்சுமை

ஐயா, இதை ஏற்க முடியவில்லை. 'மிகை' என்றதுமே வரம்பை மீறி ஏற்றிய பாரம் என்ற பொருள் வந்துவிடும். மணல் லாரியில் அளவுக்கு மேல் ஏற்றினால் அபராதம் போடுவார்கள்; அது மிகை. டம்பரின் அடிச்சட்டம் (சேசிஸ்) அப்படி வருவதல்ல. அனுமதி வாங்கி, வழி பார்த்து, அதற்கென்றே அமைத்த டிரெய்லரில் முறையாக வருகிறது. 'அளவு மீறிய சரக்கு' என்று எழுதினாலும் இதே சிக்கல்தான். போதாததற்கு, மின்சுற்றில் கூடுதல் மின்னோட்டத்தை மிகைச்சுமை என்று ஏற்கெனவே எழுதி வருகிறோம்.

இதைவிடப் பெரிய குறை வேறு. ஓடிசி என்ற ஒரே பேருக்குள் தன்மையே வேறான இரண்டு சரக்குகள் கலந்து கிடக்கின்றன. கேட்டர்பில்லர் 797எஃப் வகை டம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 363 டன் ஏற்றும். பாரத்தோடு மொத்தம் ஏறக்குறைய 624 டன், வெறும் வண்டி 260 டன். அகலம் ஒன்பது மீட்டரைத் தாண்டும். இதை முழு வண்டியாகச் சாலையில் நகர்த்த வழியில்லை. கழற்றினால் 12, 13 டிரெய்லர்களுக்கு வரும். அவற்றில் பாடித் துண்டுகள் (பாரம் ஏற்றும் தொட்டியின் பகுதிகள்) அகலத்தில்தான் பெரியவை, எடை அவ்வளவு இல்லை. அடிச்சட்டம் அதற்கு நேர்மாறு: குறுகலானது, ஆனால் பாரம் முழுக்க அதில்தான். டயரும் பாடித் துண்டின் வகைதான். 59/80ஆர்63 அளவு டயர் குறுக்கே சுமார் 4 மீட்டர், ஒன்று 5 டன்னுக்கு மேல் இருக்கும். எடை ஒரு பொருட்டே இல்லை. படுக்கப் போட்டால் அகலம் இடிக்கும். நிறுத்தி வைத்தால் ஒரு மீட்டர் தளத்தின் மேல் மொத்தம் ஐந்து மீட்டர் உயரமாகி மின்கம்பியைத் தொடும். சாய்வுச் சட்டத்தில் வைத்துத்தான் இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைப் பிடிக்க வேண்டும்.

பாடித் துண்டுக்கு வழி பார்ப்பவர் மேலேயும் பக்கத்திலும் பார்க்கிறார்: மின்கம்பி, மரக்கிளை, பெயர்ப்பலகை, சுங்கச்சாவடித் தூண், வளைவில் உள்ள சுவர். அடிச்சட்டத்துக்கு வழி பார்ப்பவர் கீழே பார்க்கிறார்: பாலம், மதகு, சாலையோர மண், துறைமுக மேடை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை டன் தாங்கும் என்பது. ஒரே சொல் இருந்தால் ஒரே விண்ணப்பம் எழுதுவார்கள். அகலத்துக்காக ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள பழைய மதகைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது அப்படித்தான் நடக்கிறது.

என் முன்மொழிவு: பெருவடிவச் சரக்கு, பெரும்பாரச் சரக்கு. இரண்டும் ஒன்றாக அமைந்த சரக்குக்கு இரண்டு பேரையும் சேர்த்தே எழுதட்டும். 'பேரளவு' வேண்டாம். அது பேரளவு உற்பத்தி என்பதை நினைவூட்டும். ஓர் எழுத்து கூடினால் 'பெயரளவு' ஆகிவிடும்.

> ஆக்சில் லைன் = அச்சு வரிசை

ஹைட்ராலிக் டிரெய்லரின் அடியில் குனிந்து பார்த்தால், குறுக்கே ஓடும் ஒற்றை அச்சு இருக்காது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு ஊசல் தாங்கிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நான்கு டயர், மேலே ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர். ஆக, ஒரு வரிசைக்கு எட்டு டயர். இதற்கு 'அச்சு' என்று பேர் வைத்தால், 12 வரிசையை 12 அச்சு என்று ஒருவர் எண்ணுவார், 24 அச்சு என்று இன்னொருவர் எண்ணுவார். அச்சுப் பாரக் கணக்கு அங்கேயே பாதியாகவோ இரட்டிப்பாகவோ போய்விடும். சக்கர வரிசை என்று வையுங்கள், குழப்பம் இருக்காது.

———

மடல் 3: பாலப் பொறியாளர்

வணக்கம். பெருவடிவம், பெரும்பாரம் என்று பிரிப்பதை மனதார ஆதரிக்கிறேன். பாலத்தின் பக்கமிருந்து ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். கையேட்டில் வரையறையோடு இதுவும் இருந்தால் நல்லது.

அடிச்சட்டம் 110 டன் என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர் 12 சக்கர வரிசை, வரிசைக்குத் தன்னெடை 4 டன், இடைவெளி 1.5 மீட்டர். மொத்தம் 158 டன். ஒரு வரிசைக்குச் சுமார் 13.2 டன், ஒரு டயருக்கு 1.65 டன். இந்த எண்ணைப் பார்த்ததும் எல்லாப் பாலமும் தாங்கும் என்று தோன்றும். ஆனால் 10 மீட்டர் நீளக் கண்ணில் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பாலப் பகுதியில்) ஒரே நேரத்தில் ஏழு வரிசைதான் நிற்கும். அதாவது சுமார் 92 டன். 40 மீட்டர் கண்ணிலோ டிரெய்லர் முழுவதும் ஏறிவிடும், முன்னால் இழுக்கும் புல்லரும் கூடவே ஏறும். வரிசையைக் கூட்டினால் சின்ன மதகு பிழைக்கும். நீளக் கண்ணுக்கு அதனால் பயனில்லை, தன்னெடை வேறு கூடும். ஆகவே பெரும்பாரச் சரக்கின் அனுமதித் தாளில் மொத்த எடை, வரிசைப் பாரம், வரிசை இடைவெளி மூன்றும் தனித்தனியே வர வேண்டும்.

பாலத்தைக் கடக்கும்போது நடுக்கோட்டில், நடை வேகத்தில், பிரேக் போடாமல், கியர் மாற்றாமல் போக வேண்டும். வேறு வண்டி எதுவும் மேலே இருக்கக் கூடாது. ஓரமாகப் போனால் ஒரு பக்க விட்டங்கள் மட்டும் பாரத்தை வாங்கும். வேகமாகப் போனால் அதிர்வு கூடும். பிரேக் போட்டால் கிடைவிசை தாங்கிகளுக்குப் போகும்.

"டம்பருக்குத்தான் சக்கரம் இருக்கிறதே, ஓட்டிக்கொண்டே போனால் என்ன?" என்று கேட்பவர்களுக்கும் கையேட்டில் ஒரு பத்தி வேண்டும். வெறும் 797எஃப் வண்டியின் 260 டன் ஆறு டயரில் இறங்கினால் சராசரி 43 டன். டயர் அகலமாக இருப்பதால் தார்ப்பரப்பில் அழுத்தம் சாதாரண லாரியைவிட அதிகமாக இருக்காது. ஆனால் பாரம் பெரிதாக இருக்கும்போது அழுத்தம் ஆழத்துக்கு இறங்குகிறது. மேற்பரப்பு கீறாமல் நிற்க, அடியில் மண் படுகையும் மதகுக் குழாயும் நொறுங்கும். சேதம் மழைக்குப் பிறகுதான் வெளியே தெரியும்.

———

மடல் 4: கனரகப் போக்குவரத்துத் திட்டமிடுபவர்

> லாஷிங் = கட்டு

பேச்சு வழக்குக்குக் 'கட்டு' போதும். கையேட்டுக்கு அதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். சரக்கின் மேலே போட்டு இறுக்கி, கீழ்நோக்கி அழுத்தி, உராய்வைக் கூட்டிப் பிடிப்பது அழுத்துக்கட்டு. சரக்கின் கொக்கியிலிருந்து டிரெய்லரின் கொக்கிக்குச் சாய்வாக இழுத்து, நகரவிடாமல் பிடிப்பது நேர்கட்டு. 110 டன் அடிச்சட்டத்தை அழுத்துக்கட்டில் பிடிப்பது நடக்காத காரியம். மேலே போட்ட சங்கிலி சட்டத்தை அழுத்துமே தவிர, பிரேக் போடும்போது முன்னே வரும் விசையைத் தாங்காது.

ஐரோப்பியத் தரநிலைப்படி முன்னோக்கி எடையின் 0.8 பங்கு, பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கு விசைக்குக் கட்ட வேண்டும். 110 டன்னுக்கு முன்னோக்கி 88 டன். நேர்கட்டில் உராய்வின் முக்கால் பங்கைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இரும்பின் மேல் இரும்பு, உராய்வு 0.2 என்றால் கிடைப்பது 16.5 டன், மீதி 71.5. தரம் 80-ஐச் சேர்ந்த 13 மில்லிமீட்டர் சங்கிலிக்குக் கட்டுத்திறன், அதாவது நேராக இழுக்கும்போது தாங்கும் விசை, 10 டன். தளத்திலிருந்து 30 டிகிரி எழும்பி, வண்டியின் நீளத்துக்கு 45 டிகிரி விலகி நின்றால் அதில் 6.1 டன்தான் முன்னோக்கித் தேறும். ஆக, முன்னே நகராமல் பிடிக்க மட்டும் 12 சங்கிலி. அதே அடிச்சட்டத்தின் கீழே ரப்பர் விரிப்பு போட்டு உராய்வை 0.6 ஆக்கினால் உராய்வுக் கணக்கு 49.5 டன், மீதி 38.5, ஏழு சங்கிலி போதும். தளத்தில் கிரீஸோ டீசலோ சிந்தியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஏற்றும் முன் தளத்தைக் கழுவித் துடைப்பதும் கட்டுவதில் சேர்ந்ததுதான்.

கட்டும் இடம் பற்றியும் கையேடு சொல்ல வேண்டும். கேட்டர்பில்லர் 777 போல 90 டன் ஏற்றும் வகைகளைப் பல நேரம் பாடியை மட்டும் கழற்றி, சக்கரத்தோடு ஏற்றுவார்கள். வண்டி தன் டயரிலும் நைட்ரஜன் நிரப்பிய சஸ்பென்ஷனிலும் நின்றால், ஒவ்வொரு பள்ளத்திலும் அரை அங்குலமாவது அமுங்கி எழும். அமுங்கும்போது சங்கிலி தளரும், எழும்போது வெட்டி இழுக்கும். கொஞ்ச தூரத்திலேயே கொக்கி கழன்றுவிடும். சட்டத்தின் கீழே முட்டுக்கட்டை கொடுத்து, பாரத்தை டயரிலிருந்து எடுத்துவிட்ட பிறகே இறுக்க வேண்டும். பேட்டரி இணைப்பை நீக்கி, தேங்கியிருக்கும் ஹைட்ராலிக் அழுத்தத்தை வடித்துவிடுவதும் இதே கட்டத்தில்தான்.

இன்னொரு சொல்லும் வேண்டும். டிரெய்லரின் சிலிண்டர்களை மூன்று குழுவாகவோ நான்கு குழுவாகவோ குழாயால் இணைப்பார்கள். ஒரு குழுவுக்குள் அழுத்தம் ஒன்றே, அதனால் பாரமும் சமம். இதற்கு முப்புள்ளித் தாங்கல், நாற்புள்ளித் தாங்கல் என்று வைக்கலாம். மூன்று புள்ளியில் தளம் முறுக்கிக்கொள்ளாது, ஆனால் தாங்கும் பரப்பு முக்கோணமாகக் குறுகும். சரக்கின் எடைமையம் சாலையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்து, சாலை பக்கவாட்டில் 8 சதவீதம் சரிந்தால், அந்த மையத்திலிருந்து நேர்கீழே இறங்கும் எடைக்கோடு 24 சென்டிமீட்டர் பக்கம் நகரும். அது முக்கோணத்தின் விளிம்பை நெருங்கும் முன், தாழ்ந்த பக்கச் சிலிண்டர்களுக்கு எண்ணெய் ஏற்றித் தளத்தை மட்டப்படுத்த வேண்டும். வழக்கமான டிரெய்லரில் மேலும் கீழும் 30 சென்டிமீட்டர் இடமுண்டு. கூடவே நடந்துவரும் ஆள் அழுத்தமானிகளை இதற்காகத்தான் பார்க்கிறார். ஒரு குழுவில் குழாய் வெடித்தால் அந்த மூலை முழுவதும் இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு சக்கர வரிசைக்கும் அடைப்பு வால்வு உண்டா என்று புறப்படும் முன் பார்க்க வேண்டும்.

———

மடல் 5: பாலப் பொறியாளர்

பெருவடிவச் சரக்குக்கு வழி பார்ப்பது பற்றி ஒன்று. உயரம் அளக்க முன்னே போகும் வண்டியில் நடும் கம்புக்கு உயரக்கோல் போதும். அது மின்சாரம் கடத்தாத கண்ணாடியிழையாக இருக்க வேண்டும், சரக்கின் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டும். சரக்கின் உயரத்தை வரைபடத்திலிருந்து எடுக்கக் கூடாது. டிரெய்லரில் ஏற்றி, முட்டுக்கட்டையில் அமர்ந்த பிறகு துறைமுகத்திலேயே மறுபடி அளக்க வேண்டும். மின்கம்பி வெயிலில் நீண்டு தொய்யும். காலையில் அளந்த இடைவெளி நண்பகலில் இருக்காது. உயர் அழுத்தக் கம்பிக்குக் கோலைக் கொண்டுபோகவே கூடாது, தரையிலிருந்து லேசர் கருவியால் அளப்பதுதான் முறை.

———

மடல் 6: சொற்பட்டியல் தொகுப்பாளர்

நன்றி. மிகைச்சுமை, அச்சு வரிசை இரண்டையும் நீக்கிவிட்டேன். பட்டியலில் சேரும் வரையறைகள் இவை:

பெருவடிவச் சரக்கு: நீளம், அகலம், உயரம் இவற்றில் ஒன்றாவது சாலையின் பொது வரம்பைத் தாண்டி, தனி அனுமதியோடு செல்லும் சரக்கு. அளவுகள் ஏற்றிய நிலையில் எடுக்கப்படும்.

பெரும்பாரச் சரக்கு: மொத்த எடையோ வரிசைப் பாரமோ பொது வரம்பைத் தாண்டி, தனி அனுமதியோடு செல்லும் சரக்கு. மொத்த எடை, வரிசைப் பாரம், வரிசை இடைவெளி மூன்றும் குறிக்கப்படும்.

சக்கர வரிசை, அழுத்துக்கட்டு, நேர்கட்டு, முப்புள்ளித் தாங்கல், நாற்புள்ளித் தாங்கல், உயரக்கோல் ஆகியவை அப்படியே சேர்கின்றன. புல்லர், டிரெய்லர், டம்பர் மூன்றையும் மாற்றவில்லை. களத்தில் எல்லாருக்கும் புரிகிற சொற்கள்.

ஒன்று பாக்கி. வளைவில் திரும்பும்போது டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து தடவிச் செல்லும் மொத்தப் பரப்புக்கு 'வளைவு வீச்சு' என்று எழுதியிருக்கிறேன். சரக்கின் பின்முனை எதிர்ப்பக்கம் வெளியே வீசுவதையும் இந்தச் சொல் அடக்குமா, அல்லது அதற்கு 'வால்வீச்சு' என்று தனிச்சொல் வேண்டுமா? பின்சக்கரங்களைத் தனியே திருப்பும் டிரெய்லரில் அந்த இரண்டும் ஒன்றையொன்று மாற்றும் என்பதால், வண்டி ஓட்டுபவர்களின் கருத்து தேவை.

அன்புடன்.