காசிமேடு வீடியோ போடுறேன், வருமானத்துக்கு வழி சொல்லுங்க

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் தண்டையார்பேட்டை. ஒன்றரை வருஷமா காசிமேடு மீன் ஏலத்தை யூடியூப்ல போடுறேன். விடியக்காலை மூணு மணிக்கே போயிடுவேன். ஐஸ் தண்ணி கால்ல ஓட ஓட, கூடையிலேர்ந்து வஞ்சிரத்தைக் கொட்டுறதை எடுத்த ஒரு ஷார்ட்ஸை (யூடியூப்ல வர்ற சின்ன வீடியோ) மூணு லட்சம் பேர் பார்த்தாங்க. கைக்கு ஒரு ரூபா வரல.

சப்ஸ்கிரைபர் 1,000 தாண்டியாச்சு. ஆனா விளம்பர வருமானத்துக்கு 12 மாசத்துல 4,000 மணி நேரம் பார்த்திருக்கணும். ஷார்ட்ஸ் ஃபீட்ல பார்க்குறது அதுல சேராதுன்னு லேட்டாத்தான் தெரிஞ்சுது. ஷார்ட்ஸ் வழியா போகணும்னா 90 நாள்ல 1 கோடி பார்வை வேணும். நான் 1,900 மணி நேரத்துல நிக்கிறேன்.

நடுவுல ஒரு மசாலா கடைக்காரர் விளம்பர வீடியோ போட்டா 3,000 ரூபா தர்றேன்னு வாய்வார்த்தையா சொன்னார். வீடியோ போட்டு ரெண்டு மாசமாச்சு, போனே எடுக்கல. மைக் வாங்கினது அம்மா மீன் வித்த காசு. அவங்க எதுவும் கேக்கல, அதுதான் ரொம்ப கஷ்டமா இருக்கு.

பத்து நிமிஷ வீடியோவைக் கடைசி வரைக்கும் பார்க்க வைக்கிறது எப்படி? விளம்பரத்துக்கு முன்பணம் எவ்வளவு கேக்கலாம், என்ன எழுதி வாங்கணும்? பட்டவங்க சொல்லுங்க. ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் எடிட்டிங் தெரிஞ்சவங்க இருந்தா நேர்லயே வந்து கத்துக்கிறேன். சாயங்காலம் முழுக்க சும்மாத்தான் இருப்பேன்.