மகளின் ஸ்பைக்ஸும் என் காப்பும்: உங்கள் வீட்டிலும் இப்படி நடந்ததா?

உவர்மலை அம்மா

மூன்று வாரமாக மனம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். மகள் 800 மீற்றர் ஓடுகிறாள். கல்வி வலயத்தில் முதலிடம், மாகாணத்தில் இரண்டாமிடம், அடுத்தது கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் அகில இலங்கைப் போட்டி. இந்தப் படிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஒவ்வொரு படிக்கும் வீட்டிலிருந்து எதெது வெளியே போகும் என்பதும் தெரியும். மாகாணம் வரை வெறுங்காலில் ஓடியவள். செயற்கைத் தளத்தில் ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி பூட்டிய ஓட்டச் சப்பாத்து, இல்லாமல் சரிவராது என்று பயிற்றுநர் சொன்னார். என் காப்பில் ஒன்றை அடகு வைத்து, 24,000 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன்.

போட்டிக்கு ஏழு வாரம் இருந்தது. தினமும் காலை ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போவாள், சப்பாத்தும் பையில் போகும். போட்டு ஓடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரவு ரயிலில் போனோம். பிள்ளைக்கும் பொறுப்பாசிரியைக்கும் பாடசாலை பார்த்துக்கொண்டது, என் செலவு என்னுடையது. இரண்டாவது சுற்றின் கடைசி வளைவில் காலை இழுக்கத் தொடங்கினாள். ஏழாவதாக வந்தாள். வெளியே நடைபாதையில் உட்காரவைத்து நாடாவை அவிழ்த்தேன். சப்பாத்து கழன்று வரவில்லை. இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து காலுறையோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் கழற்றினேன். பிறகு அதைத் திருப்பிப் பார்த்தால், ஆணிகள் கடையில் பார்த்த அன்று போலவே பளபளவென்று இருக்கின்றன. விலைச்சீட்டு ஒட்டியிருந்த பசைகூடப் போகவில்லை.

"இதை நீ ஒருநாளும் போடவில்லையா?" என்றேன்.

"தேய்ந்துவிடும் அம்மா. காப்பை மீட்கும் வரைக்கும் புதிதாக இருக்கட்டும் என்று வைத்திருந்தேன்."

காப்பு விஷயத்தை நான் அவளிடம் சொல்லவே இல்லை. என் கையைப் பார்த்திருக்கிறாள்.

கிண்ணியா வாப்பா

சகோதரி, உங்கள் பதிவை வாசித்த பிறகு கடையில் வேலை ஓடவில்லை.

என் மகன் கிரிக்கெட். மென்பந்து ஆடும் வரை செலவு என்ற பேச்சே வீட்டில் இல்லை. ஒரு டெனிஸ் பந்து, ஒரு மட்டை, ஊர்ப் பிள்ளைகள் இருபது பேர். கடினப்பந்துக்கு மாறினான், எல்லாம் மாறியது. கால்காப்பு, கையுறை, ஹெல்மட், வெள்ளை உடுப்பு, வெளியூர்ப் போட்டிக்கு வேன் காசு. அதுவும் 2022இல். டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்ட அதே மாதங்கள். மட்டை வெளிநாட்டிலிருந்து வருகிற சாமான் அல்லவா? ஆண்டின் தொடக்கத்தில் விசாரித்த விலையை மனதில் வைத்துக்கொண்டு ஜூனில் போனேன். அந்தக் காசுக்கு அவர்கள் விலை குறைந்த காஷ்மீர் வில்லோ மரத்து மட்டையைத்தான் காட்டினார்கள். கடன் வாங்கி, அவன் ஆசைப்பட்ட இங்கிலாந்து வில்லோவையே எடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமையே போட்டி. நாலாவது பந்து காலடிக்கு வந்தது, தடுத்தான். விறகு பிளக்கும் சத்தம் எல்லைக்கோட்டில் நின்ற எனக்கே கேட்டது. மட்டையின் அடி பிளந்துவிட்டது. புது மட்டைக்கு எண்ணெய் பூசி, மரச்சுத்தியலால் பல மணிநேரம் தட்டிப் பதப்படுத்திய பிறகுதான் பந்தைக் காட்ட வேண்டுமாம். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகன் என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் பிளந்த மட்டையோடு இன்னும் ஆறு ஓவர் நின்றான்.

அன்றிலிருந்து எல்லாக் கணக்கையும் அவனுக்குக் காட்டுகிறேன், கொப்பியில் எழுதிவைத்து. நீங்களும் மகளிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மறைத்ததால்தான் அவள் தானாக ஒரு கணக்குப் போட்டாள்.

பாலையூற்று, ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர்

தம்பி சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் கடன் கொப்பியை ஏற்றினால் அது பந்தைப் பார்க்குமா, கொப்பியைப் பார்க்குமா? நான் பணியில் இருந்தபோது ஒரு பையனுக்குச் சப்பாத்து இல்லை. என்னுடையதில் கடதாசி திணித்து ஓடவிட்டேன். அவன் தோற்றதும் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். அந்த மன்னிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

உவர்மலை மகளே, உங்களுக்குச் சில விஷயங்கள். ஸ்பைக்ஸில் முதலில் தேய்வது ஆணிதான். அது திருகிப் பூட்டியது, சாவியால் கழற்றிப் புது ஆணி போடலாம், சப்பாத்தின் விலையில் அது ஒரு சிறு துண்டு. இதைப் பிள்ளைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவள் பயந்திருக்கமாட்டாள். செயற்கைத் தளத்தில் ஆணி 9 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. ஈட்டிக்கும் உயரம் பாய்தலுக்கும் மட்டும் 12. நம் புல் மைதானத்தில் அதைவிட நீளமான ஆணிதான் பிடிக்கும். ஆகவே இரண்டு தொகுதி ஆணி வைத்திருங்கள், கொழும்புக்குப் புறப்படுவதற்கு முன்பு வீட்டிலேயே மாற்றுங்கள். போட்டி வாசலில் சப்பாத்தைத் திருப்பி அளந்து பார்ப்பார்கள்.

வாங்கும்போது 100 மீற்றர்க்காரர் போடும் விறைத்த அடியுள்ளது வேண்டாம். 800க்குக் குதிகாலில் கொஞ்சம் மெத்தை உள்ளதாக எடுங்கள். முதல் வாரம் பத்து நிமிடம் மெல்லோட்டம், அடுத்த வாரம் சில 200 மீற்றர்கள், அதற்குப் பிறகுதான் முழுப் பயிற்சி. பாடசாலை விளையாட்டு அறையில் ஒரு பெட்டி வைக்கச் சொல்லுங்கள். சாதாரண தரப் பரீட்சையோடு ஓட்டத்தை விடும் பிள்ளைகளின் சப்பாத்துகள் வீடுகளில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன, பழைய மாணவர்கள் நினைத்தால் ஒரு மாதத்தில் அந்தப் பெட்டி நிரம்பும்.

சாம்பல்தீவு

விளையாட்டு என்றால்தான் செலவு என்று எழுதுகிறீர்கள். நடனத்துக்கு வாருங்கள். வகுப்புக் கட்டணம், வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை ஒவ்வொரு தரத்துக்கும் கட்டணம், அதற்கு மேல் தமிழ் மொழித்தினப் போட்டி. குழு நடனத்துக்கு எட்டுப் பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் புது உடை, வாடகைக்கு நகைத்தொகுதி, ஒப்பனைக்காரர் வெளியூரிலிருந்து.

ஒரு பிள்ளையின் தகப்பன் கடலுக்குப் போகிறவர். அந்த மாதம் கடல் சரியில்லை. பணம் கட்ட இன்னும் ஒரு வாரம் கேட்டார்கள். அடுத்த பயிற்சியில் எங்கள் கண்முன்னே அந்தப் பிள்ளையின் இடத்தில் வேறொரு பிள்ளை நின்றது. அவள் அழவில்லை. சலங்கையைக் கழற்றி, சத்தம் வராமல் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள். நாங்கள் ஏழு தாய்மார் அங்கே உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கு இரண்டாயிரம் போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

எங்கள் பிள்ளைகள் மாகாணத்தில் முதலிடம். அந்தப் படத்தை நான் வீட்டில் மாட்டவில்லை.

கிண்ணியா வாப்பா

சேர், நான் கடனைக் காட்டவில்லை, கணக்கைக் காட்டினேன். இரண்டும் ஒன்றல்ல. இந்தத் தடவை மட்டை எடுக்கப் போனபோது அவனே காஷ்மீர் வில்லோவைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்து, "வாப்பா, இது போதும்" என்றான். எனக்கு அதில் சந்தோஷமும் இருந்தது, துக்கமும் இருந்தது.

உவர்மலை அம்மா

சேர், ஆணியை மாற்றலாம் என்பது எனக்கும் தெரியாது. நன்றி. ஆனால் சப்பாத்தை எப்படி வாங்குவது என்று கேட்டு நான் எழுதவில்லை. கிண்ணியாத் தம்பி எழுதியதைத்தான் இரண்டு நாளாக யோசிக்கிறேன். சாம்பல்தீவுச் சகோதரி, அந்தப் பிள்ளை இப்போது எங்கேயாவது ஆடுகிறாளா?

நேற்று அடகுச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன். வட்டி எவ்வளவு, மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம், எப்போது மீட்போம் என்று அவளோடு இருந்து கூட்டிப் பார்த்தோம். ஐப்பசி என்று வந்தது. "ஐப்பசி வரைக்கும் இது உன் சப்பாத்து, அதற்குப் பிறகும் உன் சப்பாத்துத்தான்" என்றேன். ஒன்றும் பேசவில்லை. குதிகாலில் புதுத்தோல் வந்துவிட்டதா என்று அழுத்திப் பார்த்தாள்.

இன்று விடியற்காலை பையைத் தூக்கிப் பார்த்தேன். பாரமில்லை. காலில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள், வாசல் சிமெந்தில் ஆணி கீறிய தடம் இருக்கிறது.