உதவி: உயிரியல் பிரிவு, நுவரெலியா மாவட்டம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எந்தப் பட்டத்தை முதல்ல போடுறது?

லிந்துலை தங்கச்சி:
ஏஎல் (உயர்தரப் பரீட்சை) மூணு பாடமும் பாஸ். மருத்துவத்துக்கு இசட் ஸ்கோர் (பாடப் புள்ளிகளைத் தரப்படுத்தி எடுக்கிற மதிப்பு) எட்டாது. விவசாயம்தான் ஆசை, அடுத்தது உயிரியல் விஞ்ஞானம், பிறகு தாதியியல். "கிடைக்கக்கூடியதை மேல போடு, இல்லாட்டி ஒண்ணுமே வராது"ன்னு வீட்ல சொல்றாங்க. சரியா? பிஎஸ்சி மூணு வருஷமா, நாலா?

கொட்டகலை அண்ணன்:
வேணாம் தங்கச்சி. உங்க வரிசையை மேலயிருந்து பார்த்து, ஸ்கோர் எட்டுற முதல் யூனிகோடையே (ஒரு பல்கலைக்கழகத்தின் ஒரு பட்டத்துக்கான குறியீடு) பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தரும். தாதியியலை மேல போட்டு அது எட்டிட்டா, விவசாயத்துக்கு ஸ்கோர் போதுமா இருந்தாலும் அந்தப் பக்கமே பார்க்க மாட்டாங்க. எட்டாததை மேல போட்டதால கீழ உள்ளதுக்கு நட்டமில்லை. மூணே கோட் போட்டு நிறுத்துறதுலதான் ஆபத்து: பேராதனை விவசாயம் ஒரு கோட், யாழ்ப்பாண விவசாயம் வேறொரு கோட்.

போன வருஷ வெட்டுப்புள்ளியை (இடம் கிடைச்ச ஆகக்குறைஞ்ச இசட் ஸ்கோர்) நுவரெலியா நிரல்ல பாருங்க. கண்டிக்காரங்க அனுப்புற படம் அவங்க மாவட்டத்துக்கானது, அதை நம்பாதீங்க. பெரும்பாலான துறைகள்ல 40% அகில இலங்கைத் திறமை, 55% மாவட்ட ஒதுக்கீடு, 5% கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்த 5%ல நுவரெலியாவும் பதுளையும் இருக்கு, கண்டி இல்லை.

இன்னொண்ணு: ஒரு பட்டத்துக்குப் பதிவு பண்ணிட்டா, அடுத்த வருஷம் திரும்ப விண்ணப்பிக்கிற வழி பொதுவா அடைஞ்சிரும். போக மனசில்லாததைக் கடைசியிலயும் எழுதாதீங்க.

பண்டாரவளை மிஸ்:
வருஷக் கணக்கு இப்படி. பொதுப் பட்டம் மூன்று வருஷம், 90 திறமைப் புள்ளி (கிரெடிட்), இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 5ஆம் மட்டம். கௌரவப் பட்டம் (ஹானர்ஸ்) நான்கு வருஷம், 120 புள்ளி, 6ஆம் மட்டம். விஞ்ஞான பீடத்தில் பெரும்பாலும் பொதுவாகச் சேர்ந்து, தொடக்க வருஷங்களின் ஜீபிஏவை (தரப்புள்ளிச் சராசரியை) வைத்துத்தான் கௌரவத்துக்கு எடுப்பார்கள். முதல் அரையாண்டில் சறுக்கினால் அந்தச் சராசரியை மேலே இழுப்பது பெரும்பாடு. விவசாயம் நேராகவே நான்கு வருஷம், ஆய்வும் அதற்குள்ளே. பிறகு ஆய்வுப் பட்டமோ விரிவுரையாளர் வேலையோ நினைத்தால் கௌரவம்தான் வேணும்.

லிந்துலை தங்கச்சி:
நன்றி மிஸ். பதுளையில தேயிலைக்கே பட்டம் இருக்காமே?

பண்டாரவளை மிஸ்:
அங்குள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் இருக்கு, தேயிலைத் தொழினுட்பமும் பெறுமதி சேர்த்தலும். தேவையான ஏஎல் பாடங்களை மட்டும் ஆணைக்குழுவின் இந்த வருஷக் கையேட்டில் பாருங்க. விவசாயத்துக்கு உள்ளதேதான் இதுக்கும் என்று எடுக்க வேண்டாம். நீங்கள் சொன்ன எல்லாமே ஆங்கில மொழிமூலம். கெம்பஸ் தொடங்கும்வரை இரசாயனவியல் பழைய வினாத்தாள்களின் தமிழ், ஆங்கிலப் பிரதிகளைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கேள்வியாக இரண்டிலும் வாசியுங்க.